கருவாட்டுப் பக்கற்றோடு ஒரு டிசைன் பரீட்சை

இன்று காலை, யாழ்ப்பாணத்தில் நான் படிக்கும் கல்லூரி வாசலில்...

"அன்ரி, தையல் வகுப்பு மேல் மாடியில."

வரவேற்பு மேசைக்குப் புதிதாக வந்த பெண் மிகுந்த மரியாதையோடு வழி காட்டினாள்!

"தங்கச்சி, நான் டிஜிட்டல் மீடியாவும் கிராஃபிக் டிசைனும் படிக்கிறன். நாலு மாதமாய் வாறன்."

அவள் என் தலையைப் பார்த்தாள். (நரைதான். கொம்பியூட்டரில் இருப்பதுபோல் தலைக்கும் ஓர் அழிறப்பர் இருந்தால் நல்லது!)

என்னைத் தெரியாதவர்களுக்கு: பெயர் ஜெசிந்தா. ஊர் நாரந்தனை. வயது முப்பத்தொன்பது. கணவருக்குக் கடல் தொழில். மகள் பள்ளிக்கூடத்தில் ஏ.எல். படிக்கிறாள். என்னோடு வகுப்பில் இருப்பவர்கள் எல்லோருக்கும் அவளுடைய வயதுதான்.

(இந்த ஃபேஸ்புக்கில் கணக்குத் திறந்து மூன்று கிழமை. நண்பர்கள் பதினொரு பேர். அதில் நாலு பேர் கனடா மச்சாள்மார்!)

இன்று பாதிக் கோர்ஸ் முடிந்து பரீட்சை. இதில் தவறினால் அடுத்த பாதிக்குப் போக முடியாது.

நான் தவறுவேன் என்பதில் எங்கள் பாடப் பொறுப்பாளர் சேருக்குச் சந்தேகமே இல்லை! போன கிழமை என்னைக் கூப்பிட்டு, கதிரை போட்டு இருத்தி, தன்மையாகச் சொன்னார்.

"அக்கா, குறை நினையாதேங்கோ. உங்களுக்கு மவுஸ் கை வருகுதில்லை. பொடியள் பத்து நிமிசத்தில செய்யிறதுக்கு நீங்கள் ஒரு மணித்தியாலம் எடுக்கிறியள். பேசாமல் டைப்பிங் வகுப்புக்கு மாறுங்கோவன்?"

"ஒரு மணித்தியாலம் எடுத்தாலும் செய்து முடிக்கிறன்தானே சேர்?"

"அது சரி. வெளியில வேலை தாறவன் பாத்துக்கொண்டிருப்பானோ?"

அன்றைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போய் பஸ் ஏறினேன். அவர் சொன்னது பொய்யும் இல்லை. (ஒரு கோட்டை நேராக இழுக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது!) ஆனால் மாறுவதில்லை என்று அல்லைப்பிட்டி தாண்டும்போதே முடிவெடுத்துவிட்டேன்.

பரீட்சைக்குத் தந்த வேலை இதுதான். ஏதாவது ஓர் உள்ளூர்ப் பொருளுக்கு லேபல் செய்து, பிரின்ற் எடுத்து, வெளியிலிருந்து வரும் பரீட்சகருக்கு விளக்க வேண்டும்.

பிள்ளைகள் சவர்க்காரம், ஐஸ்கிறீம், சென்ற் என்று செய்திருந்தார்கள். மினுக்கம், நிழல், தீப்பொறி எல்லாம்!

நான் கருவாட்டுக்குச் செய்தேன்.

எங்கள் கரையில் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து கருவாடு போட்டு, பொலித்தீன் பையில் கட்டிச் சந்தைக்கு அனுப்புகிறோம். பையில் பெயர் இல்லை. என்ன மீன் என்றும் இல்லை. வாங்குகிறவர்கள் மணந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

(லேபல் ஒட்டிய பக்கற் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டுதான் காலையில் வந்தேன். சோதனைச் சாவடியில் திறந்து பார்த்த சிப்பாய் உடனே போகச் சொல்லிவிட்டார். கருவாட்டுக்கு அந்த அதிகாரம் உண்டு!)

பரீட்சகர் வந்தார். அச்சகம் ஒன்றில் பல வருடமாக டிசைன் செய்கிறவராம். சிரிக்காத முகம்.

என் லேபலைக் கையில் எடுத்தார். வெள்ளைத் தாளில் கறுப்பாக, பெரிய எழுத்தில் 'சீலாக் கருவாடு'. கீழே நிறையும் திகதியும். ஓரத்தில் நானே கோடு கோடாக இழுத்த ஒரு சீலா மீன். அவ்வளவுதான்.

"என்னம்மா இது, மரண அறிவித்தல் மாதிரிக் கிடக்கு?"

வகுப்பே சிரித்தது! பொறுப்பாளர் சேரும்தான்.

எனக்குக் காது சூடாகியது. ஆனாலும் உட்காராமல் பரீட்சகரைப் பார்த்துக் கேட்டேன்.

"சேர், ஒரு உதவி செய்வியளோ? அந்தக் கதவடியில போய் நில்லுங்கோ."

"ஏன்?"

"சந்தையில சாமான் வாங்கிற ஆக்கள் அவ்வளவு தூரத்திலதான் நிப்பினம். பாதிப்பேர் கண்ணாடி போடாத ஆக்கள். அங்க நிண்டு எல்லாற்ர லேபலையும் வாசியுங்கோ."

சிரிப்பு நின்றது. மனிதர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு உண்மையாகவே எழுந்து போய்க் கதவடியில் நின்றார்!

சவர்க்காரத்தைத் தூக்கிக் காட்டினேன்.

"பூ ஒண்டு தெரியுது."

"பேர்?"

"தெரியேல்லை."

ஐஸ்கிறீமைத் தூக்கினேன்.

"சிவப்பாய் ஏதோ... இல்லை, தெரியேல்லை."

என்னுடையதைத் தூக்கினேன்.

"சீலாக் கருவாடு." அவராகவே தொடர்ந்தார். "இருநூறு கிராம்."

"நான் தெரியாமல் வெறுமையாய் விடேல்லை சேர். மினுக்கம் போட எனக்கும் காட்டித் தந்தவை. போட்டுப் பாத்தனான். மீன்ர பேர் மறைஞ்சுது. எடுத்துப்போட்டன்."

அவர் திரும்பி வந்து லேபலை மறுபடியும் பார்த்தார். பாராட்டவில்லை. பேனையால் இரண்டு வட்டம் போட்டார்.

"'ரு'வுக்கும் 'வா'வுக்கும் நடுவில இடைவெளி கூட. மீன்ர வால் கோணல். இதுகளைத் திருத்த வேணும்."

"ஓம் சேர். அது பிழைதான்."

பிறகு பொறுப்பாளர் பக்கம் திரும்பினார். "இவ எதை ஏன் போட்டது, எதை ஏன் விட்டது எண்டு சொல்லுறா. இந்த வகுப்பில வேற ஒருத்தரும் அதைச் சொல்லேல்லை."

என் பெயருக்கு நேரே 'சித்தி' என்று எழுதினார்! (கனடா மச்சாள்மாரின் பிள்ளைகளுக்கு: சின்னம்மா இல்லை, பாஸ்!)

வெளியே வந்ததும் பொறுப்பாளர் சேர் தொடங்கினார்.

"அக்கா, பாஸ்தான். ஆனால் அடுத்த பாதி அனிமேசன். அது இன்னும் கஷ்டம். நான் சொன்ன டைப்பிங்..."

"அனிமேசன் எத்தினை மணிக்குத் தொடங்குது சேர்?"

நேரே அலுவலகத்துக்குப் போனேன். அடுத்த பாதிக்குப் பதிய இன்றுதான் கடைசி நாள். படிவத்தை நிரப்பிக் கொடுத்தால், கிளாக்கர் அதைத் திருப்பித் தள்ளினார்.

"பாதுகாவலர் ஒப்பம் இல்லை."

"எனக்கோ?"

"எல்லா மாணவருக்கும் வேணும். உங்கட அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"அவர் கடலில. தம்பி, என்ர மகளின்ர பள்ளிக்கூடப் படிவத்தில நான்தான் பாதுகாவலர். அங்க என்ர ஒப்பம் செல்லும். இஞ்ச எனக்கு நான் செல்லாதோ?"

கிளாக்கர் மேசையில் கிடந்த தாள்களைக் கிளறினார்.

நான் பேனையை எடுத்தேன்.

மாணவர் என்ற இடத்தில், ஜெசிந்தா.

பாதுகாவலர் என்ற இடத்திலும், ஜெசிந்தா.

அதற்குக் கீழே 'உறவு முறை' என்று ஒரு கோடு இருந்தது. 'நானேதான்' என்று எழுதிக் கொடுத்தேன்.

கிளாக்கர் வாசித்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் வாசித்தார்.

படிவத்தில் சீல் குத்தினார்!