கிணறு தெளிந்தபோது

சொன்ன நாளில் உண்மையாக இருந்த ஒன்று பிறகு பொய்யாகிப்போனால், சொன்னவர் தவறு செய்தவர் ஆவாரா? தத்துவ நூல்களில் இதற்குப் பக்கம் பக்கமாக இடம் உண்டு. வைதேகிக்கு இந்தக் கேள்வி ஒரு கிணற்றின் வழியாக வந்தது.

வைதேகி ஐம்பதைத் தாண்டியவர். வீடு சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில், வேலை ஜூரோங்கில் ஒரு சிறிய நிறுவனத்தில். நிலத்தடி நீர் எங்கிருந்து வருகிறது, எந்தப் பக்கம் போகிறது, வழியில் எதைக் கரைத்துக்கொள்கிறது என்று பார்த்துச் சொல்வதே அவர் வேலை. நானும் அதே அலுவலகத்தில் பல ஆண்டுகள் இருந்ததால் அவர் வேலை செய்யும் விதம் எனக்குத் தெரியும். ஆழ்குழாயில் ஏற்கெனவே நிற்கும் தண்ணீரை அவர் புட்டியில் பிடிக்க மாட்டார். அதை இறைத்துக் கொட்டுவார். கருவியில் எண்கள் அசையாமல் நிற்கும்வரை கொட்டிக்கொண்டே இருப்பார். கூடப் போனவர்கள் வெயிலில் முணுமுணுப்பார்கள்.

"நின்ன தண்ணி குழாயோட கதையத்தான் சொல்லும். நமக்கு வேண்டியது மண்ணோட கதை" என்பார்.

மனிதர்களிடமும் அப்படித்தான். பதில் மாறாமல் நிற்கும்வரை அதே கேள்வியைக் கேட்பார். பலருக்கு அது எரிச்சலாக இருந்தது. எனக்கும்தான்.

பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், மலேசியாவில் மூடப்படவிருந்த ஒரு வெள்ளீயச் சுரங்கத்தைச் சுற்றி நீரை ஆராயும் வேலை அவருக்கு வந்தது. சுரங்கத்துக்குக் கீழே ஒரு தோட்டக் குடியிருப்பு, நடுவில் ஒரு பொதுக்கிணறு. சுரங்கம் மூழ்காமலிருக்க அப்போது பம்புகள் ஓடிக்கொண்டிருந்தன. அதனால் சுற்றுப்புற நீரெல்லாம் சுரங்கத்தை நோக்கியே போயிற்று. கிணற்றுக்கு மலைப்பக்கத்து நீர்தான் வந்தது. அதில் துருவைத் தவிரக் கெடுதல் இல்லை. மக்கள் அதை இரவு முழுக்க டிரம்மில் வைத்து, துரு அடியில் படிந்தபின் மேல் தண்ணீரை மொண்டு குடித்தார்கள். கிணறு பாதுகாப்பானது என்று வைதேகி எழுதினார். பம்புகள் நின்றபின் மறுபடி சோதிக்க வேண்டும் என்றும் உள்பக்கம் ஒன்றில் எழுதியிருந்தார். பம்புகள் நின்றன. சுரங்க நிறுவனமும் கலைந்தது. சோதிக்க யாரும் இல்லை.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு, தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிவிட்டுத் தேநீர்க் கடைக்குப் போனார். தே ஆற்றிக்கொண்டிருந்தவர் அவரைக் கூர்ந்து பார்த்தார். பெயர் அழகர்சாமி. அந்தத் தோட்டத்தில் லாரி ஓட்டியவர், இப்போது சிங்கப்பூரில் வேலை.

"கிணத்து மேடம்தானே? கோசோங்தான குடிப்பீங்க, சீனி இல்லாம."

"ஞாபகம் வச்சிருக்கீங்களே. ஊர்ல எல்லாரும் எப்படி இருக்காங்க?"

"நல்லாருக்காங்க. கிணறும் நல்லாயிடுச்சு மேடம். இப்பல்லாம் துருவே இல்ல, கண்ணாடி மாதிரி இருக்கு. டிரம்மையெல்லாம் தூக்கிப் போட்டாச்சு."

வைதேகி குவளையைக் கீழே வைத்தார். "எப்பலேருந்து?"

"ரெண்டு மூணு வருஷம் இருக்கும்."

"மழைக்காலத்துலயும் தெளிவா இருக்கா?"

"எப்பவும்தான். ஏன் மேடம், தெளிஞ்சா நல்லதுதானே?"

பம்பு நின்ற சுரங்கம் மெல்ல நிரம்பும். நிரம்பியதும் நீர் திசை மாறி வெளியே வரும். அங்கே சுரங்கத்துக்கும் கிணற்றுக்கும் இடையில் சுண்ணாம்புப் பாறை இருந்தது. அதன் வழியே வரும் சுரங்க நீர் புளிப்பையும் இரும்பையும் அங்கேயே விட்டுவிடும்; கண்ணுக்குத் தெரியாத ஆர்சனிக் நஞ்சை முழுதும் விடாது. கிணறு தெளிந்ததென்றால் அதற்குள் வருவது வேறு நீர் என்று அவருக்குப் புரிந்தது.

அந்த வாரமே விடுப்பு எடுத்துக்கொண்டு போனார். வழக்கம்போல் காத்திருந்து பிடித்து வந்தார். ஆய்வக முடிவு அவர் பயந்தபடியே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மறுபடி போய், கிணற்றடியில் நின்று சொன்னார். யாரும் வாளியைக் கீழே வைக்கவில்லை.

ரத்தினம்மா என்ற பெண், தோட்டத்தில் நாலு பேர் மதிப்பவர், இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார்: "துருத்தண்ணி நல்லதுன்னீங்க. பளிங்குத்தண்ணி விஷம்ங்கிறீங்க. நல்லாருக்குன்னு சொன்னதும் நீங்கதான், குடிக்காதேன்னு சொல்றதும் நீங்கதான். அடுத்த தடவை வந்து என்ன சொல்வீங்க?"

சிலர் சிரித்தார்கள். நீரோட்டம் திசை மாறிய கதையை வைதேகி அங்கே விளக்கியிருக்கலாம். அழகாக விளக்கக் கூடியவர்தான்.

"ரெண்டும் நான்தாம்மா சொன்னேன். மொதல்ல சொன்னது தப்பு" என்றார்.

ரத்தினம்மா இடுப்பிலிருந்து கையை எடுத்தார். பிறகு தன் வாளியைக் கவிழ்த்தார். அதன்பின் மற்றவர்களும் கவிழ்த்தார்கள். குழாய்த் தண்ணீர் வரும்வரை லாரியில் தண்ணீர் வந்தது.

கிணற்றடியில் அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. குடிப்பதை நிறுத்த வேண்டியிருந்தது. நீண்ட விளக்கம் அங்கே சாக்குப்போக்காகத்தான் கேட்டிருக்கும். ஆனால் ஜூரோங்குக்குத் திரும்பி, அந்த ஊர் மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்ப அவர் எழுதிய அறிக்கையும் அப்படியே தொடங்கியது: 'இக்கிணறு பாதுகாப்பானது என்று நான் முன்பு எழுதியது தவறு.'

மேலாளர் ரமணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மேசைக்கு வந்தார். வைதேகியைவிட வயதில் இளையவர்.

"அக்கா, இது தப்பே இல்ல லா. நீங்க எழுதினப்ப அது சரி. தண்ணிதான் மாறிடுச்சு. மறுபடி டெஸ்ட் பண்ணணும்னு வேற எழுதியிருக்கீங்க. அத மொதல்ல போடுங்க, போதும்."

"ம்."

"தப்புன்னு நாமளே எழுதினா, அடுத்த வேலைக்கு உங்க கையெழுத்த யாரு கேப்பா?"

வைதேகி அறிக்கையை வாங்கி முதல் பக்கத்தை இன்னொரு முறை படித்தார். உள்பக்கத்து எச்சரிக்கையைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அவர் எதையும் சேர்க்கவில்லை, எதையும் அடிக்கவில்லை. கையெழுத்திட்டு அனுப்பினார். ஏன் என்று ரமணன் கேட்டார். பிறகொரு நாள் தேநீர்க் கடையில் நானும் கேட்டேன். தே ஆறிப்போகிறது, குடியுங்கள் என்றார்.