ஏறாத பதிவு

மலைமேல் இருக்கும் திருப்புலி நாட்டு மகளிர் குழு விற்கும் சாமைக்கும் மிளகுக்கும் வெளியூரிலிருந்து ஆர்டர் வந்தால், அது முதலில் சுகுணாவின் காதில்தான் விழும். சின்ன வயதில் தட்டம்மை வந்து பார்வை போனவள் அவள். சேலத்தில் விடுதியில் தங்கிப் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தாள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் செயலி ஒன்று அவள் போனில் இருந்தது. ஈரோட்டிலிருந்தும் கோவையிலிருந்தும் வரும் செய்திகளை அது வாசிக்கும். யாருக்கு எவ்வளவு என்று அவள் சொல்லச் சொல்ல, குழுத் தலைவி கண்ணாயி பை கட்டுவாள். கண்ணாயி இருப்பது சுகுணாவுக்குப் பக்கத்து வீட்டில்.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு காலையில் அந்தச் செயலி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. அதன்பிறகு ஆங்கிலத்தை மட்டும் வாசித்தது. தமிழ் வந்தால் வாயை இறுக மூடிக்கொண்டது.

"என்ன கண்ணு, இன்னிக்கு ஆர்டரே இல்லையா?" என்று வாசலில் நின்று கேட்டாள் கண்ணாயி.

"வந்திருக்குங்கக்கா. என்ன வந்திருக்குன்னுதான் தெரியல."

கண்ணாயி போனை வாங்கி எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினாள். "தெனமும் நானே வந்து படிச்சுச் சொல்றேன் உடு."

"நீங்க காட்டுக்குப் போயிட்டா? இதைச் செஞ்சவங்களையே கேட்டுடறேன்."

கேட்பதற்கு போன் நம்பர் எதுவும் கிடைக்கவில்லை. இணையத்தில் அந்தச் செயலிக்கென்று ஓர் உதவி மன்றம் இருந்தது. சிக்கல் உள்ளவர்கள் அதில் எழுதுவார்கள். தெரிந்தவர்கள் பதில் போடுவார்கள். உள்ளே நுழையவே அவள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. மனிதர்தானா என்று சோதிக்க, படங்களைக் காட்டி, சிக்னல் விளக்கு உள்ளதையெல்லாம் தொடச் சொன்னது. படத்துக்குப் பதில் ஒலி என்று ஒரு வழி இருந்தது. தட்டிப் பார்த்தாள். தகரத்தில் மழை கொட்டுவதுபோன்ற இரைச்சலுக்குள் யாரோ ஆங்கிலத்தில் முனகினார்கள். திரும்பத் திரும்பக் கேட்டும் பிடிபடவில்லை. கடைசியில் கண்ணாயியைக் கூப்பிட்டாள்.

"நம்ம மலையில சிக்னல எங்க கண்ணு கண்டேன்? நாமக்கல்ல பார்த்தது," என்று சொல்லிக்கொண்டே கண்ணாயி ஒவ்வொரு படமாகத் தொட்டாள். கதவு திறந்தது.

சுகுணா கேள்வியை ஆங்கிலத்தில் எழுதினாள். எதை வாசிக்க மறுக்கிறது என்று காட்ட, ஒரு தமிழ்ச் செய்தியையும் அதில் ஒட்டினாள். அனுப்பினாள். மன்றத்தில் தேடினால் பதிவு இல்லை. போன் சிக்னல் கோளாறு என்று நினைத்து, நன்றாக எடுக்கும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் மறுபடி அனுப்பினாள். அங்கேயும் அதே கதைதான். சுருக்கி எழுதினாள், தலைப்பை மாற்றினாள், போனை அணைத்துப் போட்டாள். ஒன்றும் ஏறவில்லை.

அலுத்துப்போய் உட்கார்ந்தவள், இனி ஒவ்வொன்றாகத்தான் சோதிப்பது என்று முடிவு செய்தாள். வெறும் 'வணக்கம்' என்பதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினாள். உடனே ஏறியது. கொஞ்ச நேரத்தில், இங்கே வெட்டிப் பதிவு போடக் கூடாது என்ற கண்டிப்போடு அதை நீக்கிவிட்டார்கள்.

"ஏறிடுச்சுங்கக்கா! அப்பறந்தான் அழிச்சாங்க!" என்று கத்தினாள் சுகுணா.

"அழிச்சுட்டாங்கன்னு சொல்றியே?"

"அழிக்கறதுக்கு மொதல்ல ஏறோணுமில்ல!"

அப்படியானால் கோளாறு சிக்னலில் இல்லை. பதிவுக்குள்ளேதான் ஏதோ இருக்கிறது. ஒட்டியிருந்த தமிழை எடுத்துவிட்டு, பதிவு போடுவதில் உள்ள சிக்கல்களுக்கென்றிருந்த பகுதியில், நடந்ததையெல்லாம் வரிசையாக எழுதினாள். அது அழியாமல் நின்றது. மன்றத்தைக் கவனித்துக்கொள்பவர் ஒருவர் சாயங்காலம் பதில் போட்டார்: புது உறுப்பினர் வேறு எழுத்தில் எழுதினால் குப்பை விளம்பரம் என்று எண்ணி இயந்திரம் ஒதுக்கிவிடுகிறது; ஒதுக்கியதை விடுவித்துவிட்டேன்.

விடுவித்ததும் அவள் அனுப்பிய அத்தனை பதிவுகளும் மொத்தமாக வந்து விழுந்தன. ஒரே கேள்வியை இத்தனை தடவையா கேட்பார்கள் என்று ஓர் ஆள் சலித்துக்கொண்டார். சுகுணாவுக்கு முகம் சிவந்தது. ஆனாலும், "ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள், மற்றதையெல்லாம் அழித்துவிடுகிறேன்" என்று எழுதினாள்.

பதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. எழுதியவருக்கும் இதே தொல்லை இருந்ததாம். செயலியில் உள்ள தமிழ்க் குரலை நீக்கிவிட்டு மறுபடி இறக்கச் சொன்னார். தண்ணீர்த் தொட்டியடியில் உட்கார்ந்து இறக்கினாள். செயலி தொண்டையைத் திறந்து, கோவைக்காரர் ஒருவருக்கு மிளகும் சாமையும் வேண்டும் என்றது. சொன்னபடியே ஒரு பதிவை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்தாள்.

அதோடு அவள் விடவில்லை. படச் சோதனையை மாற்றச் சொல்லி மன்றத்துக்கு எழுதினாள். பரிசீலிக்கிறோம் என்றார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் தவறாமல் என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"நீதான் உள்ள போயாச்சே கண்ணு, இன்னும் எதுக்கு?"

"எல்லா ஊட்டுப் பக்கத்துலயும் நீங்க இருப்பீங்களாக்கா?"

தை பிறந்து சில நாளில் மாற்றினார்கள். மின்னஞ்சலுக்கு வரும் எண்ணைத் தட்டினால் போதுமாம். உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க, சுகுணா வேறொரு பெயரில் தானே பதிந்தாள். யாரையும் கூப்பிடவில்லை. உள்ளே போனதும், ஒருவர் இரண்டு கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று எச்சரிக்கை வந்தது. சிரித்துக்கொண்டே புதுக்கணக்கை அழித்துவிட்டு, அன்றைய ஆர்டர்களைக் கேட்க உட்கார்ந்தாள்.