கட்டிக் குடுத்த சாமி

எனக்கு முப்பத்தஞ்சு தாண்டியாச்சு, ரெண்டு பிள்ளைங்க, இன்னும் கம்ப்யூட்டர்ல கேம் விளையாடுதேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ல எங்க தெருவுல இதச் சொன்னா சிரிப்பாங்க. சிரிச்சிட்டுப் போகட்டும். ராஜபாளையத்துல நூல் மில்லு லேப்ல நாள் முழுக்க நூலோட பலத்தச் சோதிச்சிட்டு, பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்து, எல்லாருக்கும் சோறு போட்ட பொறவு கெடைக்கிற ஒரு மணி நேரம் என்னோடது. மெட்ராஸ்ல போலீஸா இருக்கிற என் தம்பியும் அதே கேமதான் விளையாடுதான். போன ஸ்பீக்கர்ல போட்டுக்கிட்டு ரெண்டு பேரும் சண்டை பிடிச்சிக்கிட்டே ஆடுவோம்.

சண்டையெல்லாம் அதுல வர்ற சாமிங்களப் பத்தித்தான். அந்தக் கேம்ல எந்தச் சாமி கதையையும் நேரா சொல்லித் தொலைக்க மாட்டான். ஒரு மோதிரத்த எடுத்தா ரெண்டு வரி, கேடயத்துல ரெண்டு வரி, இடிஞ்ச கோயிலுக்குள்ள ஒரு சிலை. நாமதான் கோத்துப் பாத்துக்கிடணும். பெரிய கோயில்ல ஏழு அண்ணன் தம்பி சாமிங்க வரிசையா இருக்காங்க, எட்டாவது பீடம் வெறுமனே கெடக்கு. ஆத்துக்கு அந்தப் பக்கம், எதிரி நாட்டுல, ஒரு பொம்பளச் சாமி. அவளுக்கு இந்த ஏழு பேரோட அதே மூக்கு, அதே நெத்தி.

அவ துரோகி, அண்ணன் தம்பிகளக் காட்டிக் குடுத்துட்டு ஓடிப்போனவன்னு இணையத்துல ஆளாளுக்கு எழுதி வச்சிருந்தாங்க. போகும்போது ஒரு சின்னப் பையில அவ அப்பன் மண்டபத்து மண்ண அள்ளிட்டுப் போனாளாம், அத வச்சு சூனியம் செஞ்சாளாம். கேம்ல அந்தப் பை ஒரு நாள் என் கையிலயே கெடைச்சுது. பாத்ததும் கத்திட்டேன்.

“ஏலே, இது பிடிமண்ணுலே!”

ஊரு விட்டு ஊரு போறவங்க குலசாமி கோயில்ல ஒரு பிடி மண்ண எடுத்துட்டுப் போயி, போன எடத்துல வச்சுக் கும்பிடுறது எங்க பக்கத்து வழக்கம். வெறுத்துட்டுப் போறவ மண்ணயா கட்டிக்கிட்டுப் போவா? “அவ ஓடலலே. கட்டிக் குடுத்துட்டாங்க. அதான் பொறந்த வீட்டுல அவ பீடம் காலியாக் கெடக்கு”ன்னேன். தம்பியும், “ஆமாக்கா, அதான் சரி”ன்னான்.

அந்தக் கேமச் செஞ்சவங்களுக்குப் பிடிமண்ணப் பத்தி என்ன தெரியும்? நாங்க நெனச்சது சுத்தத் தப்பாவே இருக்கலாம். ஆனாலும் அவளத் துரோகின்னு எவனாவது எழுதுனா எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு.

ஏன்னா நானும் சாமி மாறினவதான். கல்யாணம் ஆனா பொம்பளைக்குப் புருசன் வீட்டுக் குலசாமிதான். எங்க அப்பா வீட்டு அய்யனாரு கூமாப்பட்டி தாண்டி மலையடிவாரத்துல இருக்காரு. பங்குனி உத்திரத்தன்னைக்குப் பங்காளிங்க வீட்டுக்கு ஒரு பானை வச்சு வரிசையாப் பொங்கலிடுவாங்க. அம்மா எப்பவோ போயிட்டா. அப்பாவும் போன பொறவு, அந்த வருசம் துட்டி, தீட்டுன்னு எங்க வீட்டுப் பானை ஏறல. இந்த வருசம் தம்பி வைக்கணும். அவனுக்குப் பந்தோபஸ்து டூட்டி, லீவு கெடைக்கல. இந்த வருசமும் விட்டா அந்த வீடு அத்துப்போச்சுன்னுல்ல பேசுவாங்க! எனக்கு மனசு கேக்கல. வெண்கலப் பானை, அரிசி, வெல்லம், வெறகு எல்லாத்தையும் கட்டிக்கிட்டு நானே போயிட்டேன்.

அடுப்புக்குக் கல்லு கூட்டும்போது சித்தப்பா வந்துட்டாரு. அப்பாவுக்கு அடுத்துப் பொறந்தவரு, பங்காளிகள்ல இப்ப அவருதான் மூத்தவரு.

“ஏட்டி, என்ன செய்யிற?”

“அப்பா வீட்டுப் பானை சித்தப்பா.”

“நீ வேற சாமிக்குப் போனவ தாயி. கும்புடு, துன்னூறு வாங்கு, சாப்புட்டுப் போ. பானை வைக்கப்பிடாது.”

நான் விடல. தம்பிக்குப் போனப் போட்டு, ஸ்பீக்கர்ல விட்டு, “வீட்டு ஆம்பளையே சொல்லட்டும்”னு அவரு முன்னால நீட்டினேன். அவன் ஆமான்னு சொல்லிருவான்னு எனக்கு அம்புட்டு நம்பிக்கை. விசயத்தக் கேட்டான். வரிசையில நின்னவங்க எல்லாரும் எங்களயே பாத்தாங்க.

“சித்தப்பா சொல்றதக் கேளுக்கா”ன்னான்.

வெறும் பானையோட பஸ் ஏறினேன். வழி நெடுக அழுதேன், பக்கத்து சீட்டுப் பொம்பள என்னன்னு கேட்டும் அழுகை நிக்கல.

சாயங்காலம் அவன்கிட்ட இருந்து மெசேஜ். நம்ம பிடிமண்ணு விசயத்த இணையத்துல இங்கிலீசுல எழுதிப் போட்டேன்க்கா, அந்தப் பொம்பளச் சாமி துரோகி இல்ல, அவளுக்கு அந்த எட்டாவது பீடத்தக் குடுக்கணும்னு அம்புட்டுப் பேரும் சொல்றாங்கன்னு. எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் போனத் தூக்கி எறிஞ்சிருப்பேன். அவனயே கூப்பிட்டேன்.

“ஒலகத்துக்கே சொல்லியிருக்க. சித்தப்பாட்ட ஒரு வார்த்த வரலியேலே. லத்தி வச்சிருக்கவன், அவருக்கா பயந்த?”

அவன் குரலத் தணிச்சுக்கிட்டான்.

“அவருக்கு இல்லக்கா. நீ வச்சிட்டா, நான் வரலன்னாலும் எல்லாம் நடக்கும்னு ஆயிரும்ல. அப்பா வீட்டுல எனக்குன்னு இருக்கிறதே அந்த ஒரு பானைதான்.”

எனக்குத் திட்ட வாய் வரல. அவனுக்கும் பீடம் போயிருமோன்னு பயம். ஆனா அதுக்காக என்னத் தள்ளி விட்டான்லா, அத எப்பிடி விடுறது?

“சித்தப்பாவ லைன்ல சேருலே. இப்பவே. நான் இருக்கேன்.”

சேத்தான். சித்தப்பா எடுத்து அலோன்னாரு. தம்பி, “சித்தப்பா, அடுத்த உத்திரத்துக்கு நானும் அக்காவும் சேந்துதான் பானை வைப்போம். எனக்கு லீவு கெடைக்கலன்னா அவ வைப்பா”ன்னான். சித்தப்பா என்னமோ சத்தம் போட்டாரு. “எம்புட்டு வேணாலும் ஏசுங்க சித்தப்பா, அவ வைப்பா”ன்னு திரும்பவும் சொன்னான்.