அடுக்குக்குள் புகுந்த காற்று

ஆகஸ்ட் மாதத்துத் துபாயில், அதுவும் அல் குசைஸில் லெட்யூஸ் வளர்க்கப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், காய்ச்சலோ என்று அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கௌஸ் முகம்மது சொன்னபோது யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. அவர் முதலாளி, அவ்வளவுதான் காரணம். கீழக்கரையிலிருந்து வந்து இருபத்தாறு வருடமாகக் காய்கறி வியாபாரம் பார்க்கிறவர். கடைக்குப் பின்னாலிருந்த கோடவுனில் ஒரு மூலையைத் தடுத்து, ஜன்னலே இல்லாத அறை ஒன்றைக் கட்டினார். மூன்று தட்டு வைத்த இரும்பு அடுக்குகள் இரண்டு. ஒவ்வொரு தட்டிலும் மேலே விளக்கு, கீழே குழாயில் ஓடும் தண்ணீர். மண்ணும் கிடையாது, வெயிலும் கிடையாது. விமானத்தில் வந்து வாடிப்போகிற லெட்யூஸை வாங்கும் ஹோட்டல்காரர்கள், காலையில் பறித்ததைக் கண்டால் விடுவார்களா என்பது அவருடைய நினைப்பு.

அறையைப் பார்த்துக்கொள்ள, அடுக்குகளை விற்ற கம்பெனியிலிருந்து வந்த ஆள் இரண்டே மாதத்தில் வேறு வேலை தேடிக்கொண்டு போய்விட்டார். கடையில் கீரை கட்டிக்கொண்டும் தரை துடைத்துக்கொண்டும் இருந்த வதனாவை அந்த இடத்தில் விட்டார்கள்.

"தண்ணி குறையாமப் பாத்துக்கம்மா. மத்ததெல்லாம் மிஷின் பாத்துக்கும்" என்றார் கௌஸ் முகம்மது.

மிஷின் ஒரு மண்ணையும் பார்க்கவில்லை.

வதனா இலங்கையின் சாவகச்சேரிக்காரி. வயது நாற்பத்து மூன்று. கணவர் இறந்த பிறகு இரண்டு பெண் பிள்ளைகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்தவள். முதல் ஏழு வருடம் ஷார்ஜாவில் ஓர் அரபு வீட்டில் வேலை. எதைச் செய்யச் சொன்னாலும் செய்வாள், ஆனால் ஏன் என்று கேட்டுவிட்டுத்தான் செய்வாள். அந்த வீட்டு மேடம் அவளை 'லேஷ்' என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டார். அரபியில் 'ஏன்' என்று அர்த்தம். அந்தக் குடும்பம் வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்ததும் இந்தக் கடையில் கிளீனர் வேலை கிடைத்தது. பெரியவள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். சின்னவள் பள்ளி இறுதியில் ஏ.எல். பரீட்சை எழுத இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. அதுவரையாவது இங்கே நிலைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர வதனாவுக்கு வேறு ஆசை கிடையாது.

முதல் இரண்டு விளைச்சலும் ஒரே மாதிரி மண்ணைக் கவ்வின. வெளியே பார்த்தால் பச்சைப் பட்டு. கத்தியால் நடுவே பிளந்தால், உள்ளே சுருண்டிருக்கும் இளங்குருத்தின் ஓரமெல்லாம் நெருப்பில் காட்டியதுபோல் பழுப்பாகக் கருகியிருக்கும். ஹோட்டல் சமையலறைத் தலைவர் ஜைத், இரண்டு முறையும் பெட்டிகளை அப்படியே திருப்பி அனுப்பினார்.

வளைகுடாவில் வாழ்கிறவர்களிடம் எல்லா வியாதிக்கும் ஒரே மருந்துதான் உண்டு: ஏசியைப் பதினாறில் போடு. தலைவலியா, பதினாறு. விருந்தாளி வந்தாரா, பதினாறு. லெட்யூஸ் கருகுகிறதா, அதற்கும் பதினாறு. கௌஸ் முகம்மது உள்ளே வரும்போதெல்லாம் ரிமோட்டை எடுத்து அமுக்கிவிட்டுப் போவார். ஏசி மெக்கானிக் நிதின் என்கிற மலையாளி ஒரு படி மேலே போய், இன்னொரு ஏசியையும் மாட்டினார். அறைக்குள் நுழைந்தால் பல் கிட்டியது. லெட்யூஸ் மட்டும் கருகிக்கொண்டே இருந்தது.

மூன்றாவது முறை நாற்று வைத்த அன்று கௌஸ் முகம்மது வதனாவைக் கூப்பிட்டார். முகத்தைப் பார்க்காமல் தராசைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"இந்த ஒரு தடவதாம்மா. இதுவும் கருகிருச்சுன்னா ரூமப் பிரிச்சுருவேன். உன் விசா முடிய இன்னும் நாப்பத்தஞ்சு நாள் இருக்கு. ரூமே இல்லன்னா ஆளு எதுக்கு? நானும் என்ன செய்ய, சொல்லு."

வதனா அழுதுகொண்டே போய்த் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினாள். கழுவி முடிக்கும்போது அழுகை போய்க் கோபம் வந்திருந்தது. முதலாளிமேல் இல்லை, அந்த லெட்யூஸ்மேல். இவ்வளவு குளிரில் உனக்கு என்னதான் சுடுகிறது?

கதவருகே சுவரில் தொங்கிய வெப்பமானி எப்போதும் பதினெட்டு காட்டும். அடுத்த முறை நிதின் வந்தபோது கேட்டாள்.

"தம்பி, அது சுவரில இருக்கிற சூடு. இலைக்குள்ள எவ்வளவு எண்டு யார் பாத்தது?"

"சேச்சி, ரூம் பதினெட்டுன்னா இலையும் பதினெட்டுதான்" என்று நிதின் சிரித்தார்.

அவர் போனதும் வதனா வெப்பமானியைக் கழற்றி நடுத் தட்டில், செடிகளுக்கு நடுவே வைத்தாள். அரை மணி கழித்துப் பார்த்தால் இருபத்தேழு. அதே அறை, அதே ஏசி. ஏன்?

பதில் ஞாயிற்றுக்கிழமை மதியம், கட்டிலில் கிடந்தபோது வந்தது. அவள் இருந்தது பெண்கள் ஆறு பேர் சேர்ந்திருக்கும் ரூம். இரண்டடுக்குக் கட்டில் மூன்று. இந்த ஊரில் ஒரு பெண்ணுக்கென்று சொந்தமாக இருப்பது ஆறடி மெத்தைதான், அதனால் ஒவ்வொருத்தியும் தன் கட்டிலைச் சுற்றித் துணி கட்டித் தனி வீடாக்கிக்கொள்வாள். துணிக்குள் காற்று வராது. அதற்காகக் கட்டில் கம்பியில் கிளிப் மாட்டும் குட்டி ஃபேன் ஒன்றும் இருக்கும். வதனா கீழ்க்கட்டில்காரி. சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவள் வியர்த்து விழித்தாள். சார்ஜ் இறங்கி ஃபேன் நின்றுபோயிருந்தது. துணியை விலக்கினால் அறை ஐஸாக இருந்தது. மேல்கட்டிலில் இலங்கை மலையகத்து ஹட்டன்காரி சுகந்தா கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள்.

வதனா எழுந்து உட்கார்ந்தாள். ஈரமான கழுத்தைத் தடவிப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள்.

"என்னக்கா, தூங்கலையா?" என்று மேலிருந்து சுகந்தா கேட்டாள்.

"இல்லையடி. அந்த லெட்யூசுக்கும் நாங்கள் சுத்திவரத் துணி கட்டி வச்சிருக்கிறம்!"

சுகந்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வெளிச்சம் வீணாகக் கூடாதென்று இரண்டு அடுக்குகளையும் சுற்றி வெள்ளி நிறத் தாள் தொங்கவிட்டிருந்தது அவளுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் காலையில் வதனா காய்கறிப் பையைக் கிழித்து மெல்லிய நாடாக்களாக்கினாள். நடைபாதையில் இரண்டு, அடுக்குக்குள் செடிகளுக்கு மேலே ஒவ்வொரு தட்டிலும் நான்கு என்று கட்டித் தொங்கவிட்டாள். நடைபாதை நாடாக்கள் ஏசிக் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டன. அடுக்குக்குள் தொங்கியவை துளிகூட அசையவில்லை. குளிரெல்லாம் வழியில் நின்று கூத்தடித்துக்கொண்டிருக்க, செடிகள் விளக்குச் சூட்டில், தாங்கள் விட்ட ஈர மூச்சிலேயே புழுங்கிக்கொண்டிருந்தன.

அன்றே தன் ஃபேனைக் கொண்டுவந்து நடுத் தட்டில் மாட்டி, முழு வேகத்தில் செடிகளின் முகத்துக்கு நேரே திருப்பிவிட்டாள். கட்டிலில் அப்படித்தானே வைத்துப் பழக்கம். இரண்டே நாளில் முன்வரிசை எட்டுச் செடிகளும் வெளியிலை காய்ந்து அப்பளமாகிவிட்டன. அந்த நேரம் பார்த்து கௌஸ் முகம்மதுவும் உள்ளே வந்தார்.

"என்னம்மா இது! உள்ளதான் கருகிச்சு, இப்ப வெளியவும் கருக்கிட்டியா?"

"என்ர பிழைதான் முதலாளி. மனுசருக்கு வைக்கிற மாதிரி வச்சிட்டன். ஆனா இதைப் பாருங்கோ" என்று காய்ந்த செடிகளுக்குப் பின்வரிசையில், காற்று மெல்லமாக எட்டிய ஒன்றைப் பிடுங்கிப் பிளந்து காட்டினாள். குருத்து பிறந்த குழந்தையின் நகம்போல் சுத்தமாக இருந்தது. அதே வயதுடைய கீழ்த்தட்டுச் செடியைப் பிளந்தாள். ஓரத்தில் பழுப்பு தொடங்கியிருந்தது.

கௌஸ் முகம்மது இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு செடிய வச்சு எப்படிம்மா நம்புறது?" என்று முனகினார். ஆனால் தடுக்கவில்லை.

ஆறு தட்டுக்கும் ஆறு ஃபேன் வேண்டும். சொந்த ரூமிலேயே ஆறு ஃபேன் இருந்தது. வதனா விஷயத்தைச் சொல்லிக் கேட்டபோது முதலில் ஃபேனைக் கழற்றிக் கொடுத்தது சுகந்தாதான். "ஃபேன் இல்லாட்டித் துணியையும் கழட்டிருவோம். நமக்குள்ள என்ன வெக்கம்?" என்றாள். ஆறு பெண்களும் கட்டில் துணிகளை அவிழ்த்தார்கள். பல வருடங்களில் முதல்முறையாக அந்த அறையில் எல்லாரும் எல்லாருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டு படுத்தார்கள். பேச்சும் சிரிப்புமாக அந்த மாதம் நன்றாகத்தான் போனது.

இந்த முறை வதனா ஃபேனை விளக்குக்குப் பக்கத்தில் உயரமாக, கீழே பார்த்து ஊதும்படி மாட்டினாள். வேகத்தைக் குறைத்துக் குறைத்து, நாடா அடித்துக்கொள்ளாமல், ஊஞ்சல்போல் மெல்ல ஆடும் அளவில் நிறுத்தினாள். சூடும் ஈரமும் வெளியேற வெள்ளித் தாளை அடியில் ஒரு சாண் சுருட்டிக் கட்டினாள். பழுப்பு கண்டிருந்த இலைகளைக் கிள்ளி எறிந்தாள். கடைசியாக ரிமோட்டை எடுத்து ஏசியை இருபத்திரண்டில் வைத்தாள்.

கௌஸ் முகம்மது அதைக் கண்டதும் தலையில் கைவைத்தார். "இருபத்திரண்டா! வெளிய நாப்பத்தேழு அடிக்குதும்மா!"

"குளிர் போதும் முதலாளி, காத்துத்தான் போதாது. ஏன் எண்டு நான் கண்டுபிடிச்சிட்டன். இதில பிழைச்சால் நானே ஊருக்கு டிக்கெட் போடுங்கோ எண்டு வந்து நிக்கிறன்."

சொல்லிவிட்டாளே தவிர, முப்பது நாளும் அவளுக்கே முழு நம்பிக்கை வரவில்லை. தினமும் காலையில் ஒவ்வொரு தட்டிலும் குருத்தை விரலால் விரித்துப் பார்ப்பாள். நாடா ஆடுகிறதா என்று பார்ப்பாள். கௌஸ் முகம்மதுவோ கதவுவரை வருவார், ரிமோட்டை எடுக்கக் கை பரபரக்கும், அடக்கிக்கொண்டு திரும்பிப் போவார்.

அறுவடை நாளில் ஜைத் நேரிலேயே வந்தார். மூன்றாவது முறையும் பெட்டியைத் திருப்பி அனுப்பும் சிரமம் வேண்டாம் என்று நினைத்திருப்பார். கையில் சொந்தக் கத்தி. நல்லதாக நான்கை கௌஸ் முகம்மது எடுத்து நீட்டினார். ஜைத் அவற்றைத் தொடவில்லை. குனிந்து, கீழ்த்தட்டின் உள்மூலைக்குள் கைவிட்டு, யாரும் காட்ட விரும்பாத ஒன்றைப் பிடுங்கினார்.

பிளந்தார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குருத்தை இதழ் இதழாகப் பிரித்தார்.

"மாஃபி" என்றார். அரபியில் 'இல்லை' என்று அர்த்தம், அதாவது கருகல் இல்லை.

அடுத்தது நடுத் தட்டில். மாஃபி. அடுத்ததும் மாஃபி. ஒன்பது லெட்யூஸைப் பிளந்தார். பத்தாவதைப் பிளக்காமல் அப்படியே கடித்துத் தின்றார். கௌஸ் முகம்மது உரக்கவே "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். வதனா, பிளந்து போட்ட பாதிகளை எடுத்துத் தானும் ஒருமுறை விரித்துப் பார்த்தாள். 

எல்லாப் பெட்டியும் தனக்கே வேண்டும், இனி வாராவாரம் வேண்டும் என்றார் ஜைத். பிறகு யார் வளர்த்தது என்று இந்தியில் கேட்டார்.

"ஹமாரா டீம்", எங்கள் ஆட்கள்தான், என்றார் கௌஸ் முகம்மது, வியாபாரிக்கே உரிய வேகத்தோடு.

"நான்தான்" என்றாள் வதனா. அதையும் இந்தியிலேயே சொன்னாள், ஃபேன்களையும் நாடாக்களையும் காட்டினாள்.

ஜைத் நாடாக்கள் ஆடுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு கௌஸ் முகம்மதுவிடம் நேராகவே கேட்டார்: அல் ஐனில் என் மச்சானுக்குப் பெரிய பண்ணை இருக்கிறது, அங்கேயும் இதே கருகல்தான். இந்த அம்மாவுடைய விசா எப்போது முடிகிறது?

கௌஸ் முகம்மதுவின் முகத்தில் ஈயாடவில்லை. ஜைத்தின் வண்டி தெருமுனை திரும்பும்வரைதான் பொறுத்தார்.

"யல்லா, ஏறும்மா வண்டியில."

"எங்க முதலாளி?"

"டைப்பிங் சென்டருக்கு. இப்பவே விசாவப் புதுசாக்கிருவோம். ரெண்டு வருஷத்துக்கு."

"நான் இன்னும் யோசிக்கேல்லயே" என்றாள் வதனா. சும்மாதான் சொன்னாள். இத்தனை நாளும் வயிற்றில் நெருப்போடு திரிந்தவளுக்கு ஒரு நிமிடமாவது அப்படிச் சொல்லிப் பார்க்க உரிமை இல்லையா? முதலாளி கையைப் பிசைவதைக் கண் குளிரப் பார்த்துவிட்டு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

விசாத் தாள்களைத் தட்டித் தரும் அந்த டைப்பிங் சென்டரில் இருந்தவர் நெய்னா முகம்மது. கௌஸ் முகம்மதுவின் ஊர்க்காரர், அவரை அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடுகிறவர். பழைய தாள்களைப் புரட்டிவிட்டு விசைப்பலகையில் கைவைத்தார்.

"தொழில்னு 'கிளீனர்' இருக்கு காக்கா. அதையே போட்டுரவா?"

கௌஸ் முகம்மது வதனாவின் பக்கம் திரும்பினார்.

இந்த நாட்டில் அவள் யார் என்பதை இதுவரை யார் யாரோ எழுதியிருக்கிறார்கள். எழுதும் முன் ஒருவரும் அவள் பக்கம் திரும்பிக் கேட்டது கிடையாது.

"செடி வளர்க்கிற ஆளுக்கு என்ன சொல்லுறது?" என்று வதனா கேட்டாள்.

நெய்னா முகம்மது திரையில் நீளமான பட்டியலை உருட்டினார். "'பயிர் வளர்ப்பாளர்'னு ஒண்ணு இருக்கும்மா."

"அதைப் போடுங்கோ."

அவர் தட்டினார்.

"இப்ப வாசியுங்கோ" என்றாள்.

பெயர் வதனா, தொழில் பயிர் வளர்ப்பாளர் என்று நெய்னா முகம்மது வாசித்தார். வதனா அவரை இன்னும் இரண்டு தடவை வாசிக்க வைத்தாள்.