ஆற்றைத் தாண்டிய ரொட்டி

பறக்கப் போகும் நாட்களில் எவெலியோ மார்மொலேஹோ கடைசித் தட்டிலிருந்து இரண்டு பான்டெபோனோக்களைத் தனியே எடுத்து வைப்பார். பாலாடைக்கட்டியும் மரவள்ளி மாவும் பிசைந்து சுட்ட வளைய ரொட்டி. ஒன்றைக் கையில் கிடைத்த காகிதத்தில் சுற்றிச் சட்டையின் இடது பையில் போட்டுக்கொள்வார். மற்றதை அப்படிச் சுற்றமாட்டார். அதன் அடியை விரலால் தட்டிப் பார்ப்பார். ஓசை பிடிக்கவில்லையென்றால் திருப்பி வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பார். பிடித்ததை வாழையிலையில் மடித்து, நூல் கட்டி, வலது பையில் வைத்துப் பொத்தான் போட்டு, பொத்தானின் மேல் ஒருமுறை தட்டிக்கொள்வார். முதல் ரொட்டி அவருக்கு. இரண்டாவது, அன்றைக்கு யாருடைய நிலத்தில் இறங்குகிறாரோ அவருக்கு.

மலையடிவார ஊரான ரோல்தனீயோவில் பாராகிளைடர் என்னும் துணிச்சிறகு வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்த வழக்கம் உண்டு. கேட்காமல் ஒருவர் வயலில் கால் வைத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கக் கூடாது. சிலர் சிகரெட் நீட்டுவார்கள், சிலர் சோடா வாங்கித் தருவார்கள். எவெலியோ பேக்கரிக்காரர், அதனால் ரொட்டி.

சங்கடம் என்னவென்றால், பதினேழு வருடங்களாக அந்த இரண்டாவது ரொட்டியைத் தின்றுவந்தது ஒரே ஆள்தான்.

"மறுபடியும் நீயா?" என்பார் நொயெமியம்மா. காவ்கா ஆற்றின் இந்தக் கரையில் பத்து மாடும் ஒரு மேய்ச்சல் நிலமும் வைத்திருப்பவர். "ஊர்ல வேற யாரு நிலமும் உன் கண்ணுக்குத் தெரியலையாப்பா? இந்த ரொட்டியத் தின்னு தின்னு எனக்கு இடுப்பே காணாமப் போச்சு." சொல்லிக்கொண்டே நூலை அவிழ்ப்பார். அவர் கொடியில் ஆடும் மகனின் கால்சட்டையைப் பார்த்துத்தான் எவெலியோ காற்றின் திசை தெரிந்து இறங்குவார். துவைக்காத நாளிலும் நொயெமியம்மா ஒரு கால்சட்டையை அவருக்காகவே தொங்கவிடுவார்.

ஊரில் எவெலியோவுக்கு 'நொயெமி வீட்டு மாப்பிள்ளை' என்று பெயர். கேலிதான். ஆனால் அவரைக் கேட்டால், அங்கேயே இறங்குவதற்குக் காரணம் நான் இல்லை என்பார். காரணம் ஹெர்சாயினின் வயிறு.

ஹெர்சாயின் மோட்டார் சைக்கிள் மெக்கானிக். எவெலியோ பறக்கத் தொடங்கிய முதல் வருடம், ஆற்றுக்கு அப்பால் கரும்புக்குள் விழுந்தார். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு கரும்பு. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே பச்சை, ஒரே சலசலப்பு. தோகை முகத்தைக் கீறியது. நான்கு மணி நேரம் கழித்து ஒரு சீட்டியொலி தூரத்திலிருந்து நெருங்கி வந்தது. வந்தவர் ஹெர்சாயின். அதுவரை இருவரும் பேசியதுகூட இல்லை. "இங்க என்னய்யா பண்றே, சர்க்கரை ஆலைக்கு மனு போட்டிருக்கியா?" என்று கேட்டார். அன்றிலிருந்து இருவரும் சேர்ந்தே பறந்தார்கள். ஒருநாள் பள்ளத்தாக்கை முழுக்கத் தாண்டி, அதன் மறுபக்க ஊரான அந்தலுசியாவுக்குப் போய், அங்கே மாட்டுக்காலை வேகவைத்து இழுத்து இழுத்து வெளுப்பாக்கிச் செய்யும் மிட்டாயைத் தின்பது என்று சத்தியமும் செய்துகொண்டார்கள்.

ஒவ்வொரு வருடமும் முயன்றார்கள். ஒவ்வொரு தடவையும் ஆற்றின் மேல் வரும்போது வாக்கிடாக்கியில் ஹெர்சாயின் குரல் முனகும்: "எவெலியோ, வயிறு ஒருமாதிரியா இருக்குடா. நான் திரும்பறேன்." எவெலியோவும் உடனே திருப்பிவிடுவார். நண்பனைத் தனியாக அனுப்ப முடியுமா? எதிரே கரும்புக்கடல் விரியும்போது கயிற்றைப் பிடித்திருக்கும் தன் கைகள் வியர்ப்பதை அவர் அறிவார். ஆனாலும் திரும்பியது நண்பனுக்காக. அந்தத் தியாகத்தைப் பற்றி ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டியதில்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது.

இந்த ஜனவரியில் ஹெர்சாயினின் முழங்காலைப் பார்த்த மருத்துவர், இனி ஓடவோ குதிக்கவோ கூடாது என்றுவிட்டார். ஓடாமல் மலையிலிருந்து கிளம்ப முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு பறப்பு, அதோடு சிறகை மூட்டை கட்டுவதாக ஹெர்சாயின் தன் மனைவி அலேய்தாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். மிட்டாய் என்றால் அன்றைக்கு, இல்லையென்றால் எப்போதுமில்லை.

மலையுச்சியில் பதினோரு மணி வெயில். ஹெர்சாயினின் முகம் வெளிறியிருந்தது. கடைசி நாளாயிற்றே என்று எவெலியோ எண்ணிக்கொண்டார்.

"பயமாடா?"

"எனக்கா? உன் ரொட்டி காலாவதியாயிடுமோன்னுதான் பயம். ஓடு, ஓடு."

ஓடினார்கள். நிலம் காலடியிலிருந்து கழன்றது. சூடான நிலம் விட்ட மூச்சு ஒன்று அவர்களைத் தூக்கிக்கொண்டது. ஏறுகாற்றுக்குள் முதலில் நுழைந்தவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ அந்தப் பக்கமே பின்னால் வருபவரும் சுற்ற வேண்டும், அதுதான் விதி. எப்போதும் முதலில் நுழைபவர் ஹெர்சாயின். பதினேழு வருடங்களாக அவர் முதுகைப் பார்த்தே எவெலியோ வட்டமிட்டிருக்கிறார். கீழே இருந்திருந்தால் இத்தனை நேரம் இரண்டு பேர் பேசாமல் இருக்க ஏதாவது காரணம் தேவைப்பட்டிருக்கும். மேலே அது தேவைப்படவில்லை.

ஆறு வந்தது. பழுப்பாக, அவசரமில்லாமல், வயல்களுக்கிடையே நெளிந்துகொண்டு. எவெலியோ காத்திருந்தார். வாக்கிடாக்கி பேசவில்லை. நொயெமியம்மாவின் கொடியில் கால்சட்டை ஒரு நூல்முனையாகத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். கடைசியில் தாங்காமல் தானே வாக்கிடாக்கியின் பொத்தானை அழுத்தினார்.

"ஹெர்சாயின், வயிறு எப்படி இருக்கு?"

"வயிறா? கல்லு மாதிரி இருக்கு. உன் வயிறு?"

"நல்லாத்தான் இருக்கு," என்றார் எவெலியோ, ஏமாற்றத்தோடு.

வேறு வழியில்லை. ஆறு பின்னால் போயிற்று. முன்னால் கரும்பு. நடுவழியில் காற்று அவர்களைக் கைவிட்டது. ஏறும்போது கூவும் கருவி ஊமையாகிவிட்டது. உயரம் கரைந்தது. எவெலியோவுக்கு அந்தப் பழைய சலசலப்பு காதில் கேட்கத் தொடங்கிவிட்டது. அப்போதுதான் வலப்பக்கம், வெகு தூரத்தில், கறுப்பாக ஒன்று சுற்றிச் சுற்றி மேலேறுவதைப் பார்த்தார். கருங்கழுகு! கழுகு சுற்றுகிற இடத்தில் ஏறுகாற்று உண்டு. யோசிக்காமல் அந்தப் பக்கம் திருப்பினார்.

"யோவ்!" ஹெர்சாயினின் குரல் வெடித்தது. "எங்கய்யா போறே? அது கழுகு இல்ல, குப்பைப் பை!"

உண்மைதான். நெருங்கியபோது தெரிந்தது: காதிரண்டும் படபடக்க, வயிறு உப்பிய கறுப்புப் பிளாஸ்டிக் பை. கண் தெரியாத கிழவன் என்று நாளைக்கு ஊரே சிரிக்கும். வெட்கத்தில் திரும்பப் போனவர், இன்னொரு முறை பார்த்தார். பை அவரைவிட உயரத்தில் இருந்தது.

"பையா இருந்தா என்ன," என்று கத்தினார், "ஏறுதில்ல!"

அடுத்த நொடி கருவி கூவியது. இடப்பக்கம் சாய்ந்து வட்டமிட்டார். கீழே பார்த்தால், ஹெர்சாயின் வந்து நுழைந்து, அவரும் இடப்பக்கமே சுற்றினார். முதல் தடவையாக அவருடைய தலையை எவெலியோ மேலிருந்து பார்த்தார். சற்று நேரத்தில் எங்கிருந்தோ ஏழு நிஜக் கழுகுகள் வந்து சேர்ந்துகொண்டன. இரண்டு மனிதர்களையும் ஒரு பையையும் நம்பி வந்திருந்தன. யார் யாருக்கு வழிகாட்டினார்கள் என்று அந்த உயரத்தில் யாரும் கணக்குப் பார்க்கவில்லை. ஒரு கழுகு எவெலியோவின் கைக்கு எட்டும் தூரத்தில் மிதந்து, கழுத்தைத் திருப்பி அவரை ஒருதரம் பார்த்துவிட்டுத் தன் வேலையைக் கவனித்தது.

அந்தலுசியாவின் ஓரத்தில் ஒரு புல்வெளியில் இறங்கினார்கள். அங்கே கால்சட்டை எதுவும் தொங்கவில்லை; ஒரு குதிரையின் வாலைப் பார்த்துத்தான் எவெலியோ திசை பிடித்தார். குதிரைக்காரர் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"எங்கேர்ந்து வர்றீங்க?"

"ரோல்தனீயோவிலேர்ந்து."

"ஏன், பஸ்ஸு ஓடலையா?"

எவெலியோ வலது பையின் பொத்தானைக் கழற்றி வாழையிலைப் பொட்டலத்தை நீட்டினார். அந்த மனிதர் அங்கேயே நூலை அவிழ்த்து, பாதியைத் தான் தின்று, பாதியைக் குதிரைக்குக் கொடுத்தார்.

ஹெர்சாயின் சிறகைக்கூட மடிக்கவில்லை. குதிரைக்காரரிடம் காதோடு ஏதோ கேட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே அவர் வீட்டை நோக்கி ஏறக்குறைய ஓடினார். எவெலியோவுக்குப் புரிந்தது. கடைசிப் பறப்பு அல்லவா. மறைவாக அழுதுவிட்டு வரட்டும் என்று இரண்டு சிறகுகளையும் தானே மடித்தார். ஹெர்சாயின் வர வெகுநேரமாயிற்று. முகம் கழுவியிருந்தார், கண்கள் சிவந்திருந்தன. எவெலியோ எதுவும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதும் ஒரு மரியாதை.

மிட்டாய்க் கடையில் ஹெர்சாயின் தன் பங்கைத் தின்னவில்லை. "அலேய்தாவுக்கு," என்று பையில் போட்டுக்கொண்டார். பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்டு வாங்கி, வழி முழுக்கக் கண்ணை மூடியே இருந்தார். எவெலியோ மட்டும் விடாமல் பேசிக்கொண்டு வந்தார். குப்பைப் பை கதையை ஓட்டுநருக்கு இரண்டு முறை சொன்னார்.

மறுநாள் நொயெமியம்மாவுக்குத் தனியாக ஒரு ரொட்டியை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தார். "ரோட்டு வழியா வந்தா வரவேற்பு கிடையாது," என்று சொல்லிவிட்டு நொயெமியம்மா வாங்கிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து ரொட்டி வாங்க வந்த அலேய்தாவிடம் எவெலியோ அந்தக் கதையை மறுபடி எடுத்தார். "எல்லாம் அவன் வயிறு அன்னைக்குன்னு பார்த்து ஒத்துழைச்சதாலதான். வருஷா வருஷம் அந்த வயித்துவலிதானே எங்களைத் திருப்பிவிட்டுச்சு."

"எந்த வயித்துவலி?" என்றாள் அலேய்தா. கல்யாணமான முப்பத்தொரு வருடத்தில் அந்த மனிதருக்கு வயிறு வலித்துப் பார்த்தது ஒரே ஒரு நாள்தான் என்றாள். முந்தின நாள் சந்தையில் தின்ற இறால். விடிகாலையிலிருந்து ஏழு தடவை கழிப்பறைக்குப் போய் வந்தார். போக வேண்டாம் என்று கெஞ்சியும் கேட்காமல் சிறகைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார், அந்த ஞாயிற்றுக்கிழமை.