இரண்டு நாள் நிறுத்திய மாத்திரை

எழுதுகிற அளவுக்கு எனக்குப் படிப்பு இல்லை. பத்தாம் வகுப்போடு சரி. நாலு பேர் நடுவில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் இப்படி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். நான் செய்ததை இன்னொருவர் செய்துவிடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் சேலையூரில் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. பக்கவாதம். உயிர் பிழைத்தார். பேச்சும் கொஞ்சம் குழறலோடு திரும்பியது. கை முதலில் துணி மாதிரி தொங்கியது. சில மாதம் கழித்து அது இறுக ஆரம்பித்தது. முழங்கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. விரல்கள் கட்டைவிரலை உள்ளே வைத்து மூடிக்கொண்டன. நகம் குத்தி உள்ளங்கை புண்ணானது. ஒவ்வொரு விரலாகப் பிரித்து ஈரத்துணியால் துடைப்பேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார்.

தாம்பரத்தில் நாங்கள் காட்டும் டாக்டர், இறுக்கம் குறைய ஒரு மாத்திரை எழுதினார். சின்ன வெள்ளை மாத்திரை, மூன்று வேளை. அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினார். "நீங்களா நிறுத்தக் கூடாதும்மா" என்றார். நானும் தலையாட்டினேன். போகப்போக விரல்கள் விரிந்தன. தானாக எதையும் பிடிக்காது. நாம் பிரித்து வைத்தால் வைத்த இடத்தில் இருக்கும். அதுவே எங்களுக்குப் பெரிதாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மகளுக்கு வரன் அமைந்தது. நிச்சயத்தில் இரண்டு பக்கத்து அப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்து தாம்பூலத் தட்டு மாற்ற வேண்டும். என் நாத்தனார்தான் பேச்சை எடுத்தார்.

"இவன் இடது கையாலயா தட்டு குடுப்பான்? வர்றவங்க இன்னா நெனைப்பாங்க? இவன் தம்பி சின்னவன் குடுக்கட்டும்மா."

"சின்னவனா பெத்தான்?" என்றார் அவர். "என் பொண்ணு. நான்தான் குடுப்பேன். ரெண்டு கையால."

அன்றிலிருந்து தினமும் ஒத்திகை. எவர்சில்வர் தட்டில் உப்புப் பாக்கெட்டை வைத்து, அவர் வலது கை விரல்களைப் பிரித்து விளிம்பில் பொருத்துவேன். இடது கையால் தாங்கி என்னிடம் நீட்டுவார். "வாங்க சம்பந்தி, உப்பு வாங்கிக்கினு போங்க" என்பார். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

மாத்திரையில் ஒரே கஷ்டம், தூக்கம். நாள் குறிக்க மாப்பிள்ளை வீட்டார் பெரும்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பேச்சின் நடுவே தலை தொங்கிக் குறட்டை விட்டார். "சம்பந்திக்கு எங்க பேச்சு போரடிக்குது போல" என்று மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார். தமாஷுக்குத்தான் சொன்னார். மாத்திரையால் வருகிற தூக்கம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து நான் அந்த மாத்திரையைக் கொடுக்கவில்லை. இரண்டு நாள்தானே, முடிந்ததும் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அவர் கேட்கக் கூடாதே என்று, எனக்கு எழுதிக்கொடுத்திருந்த கால்சியம் மாத்திரையை உடைத்துக் கொடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை அவர் நன்றாக விழித்திருந்தார். புதுப் புடவையைப் பார்த்து, "இன்னாமே இது, வேன் பெயிண்ட் கலரு" என்று மகளையும் என்னையும் சேர்த்துக் கிண்டல் செய்தார். சாயங்காலம் ஒத்திகையில் விரல் கொஞ்சம் முரண்டு பிடித்தது. படபடப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை எழுப்பப் போனால் பனியன் வியர்வையில் நனைந்திருந்தது. கை நெஞ்சில் கட்டிப் போட்டது போல் இருந்தது. கால் வெட்டி வெட்டி இழுத்தது. "சொவுத்துல எறும்பு போவுது பாரு" என்றார். சுவரில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"மாத்திரை ஒழுங்கா போட்டாராக்கா?"

நான் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தேன்.

"அக்கா?"

"நிறுத்திட்டேன்மா. ரெண்டு நாளா."

"ஐயோ அக்கா! உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அங்க இதையே சொல்லுங்க, மறைக்காதீங்க."

மாப்பிள்ளை வீட்டார் திருநீர்மலையில் சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்பியாயிற்று. "தட்டு குடுத்துட்டுப் போலாம்" என்று அவர் குழறினார். நான் தட்டை எடுத்துக்கொண்டு அவர் கையைப் பிரிக்கப் பார்த்தேன். ஒரு விரல்கூட அசையவில்லை. மகள் என்னிடமிருந்து தட்டை வாங்கிக்கொண்டாள்.

"விடும்மா. சித்தப்பா குடுக்கட்டும். நீ அப்பாவைக் கூட்டிட்டுப் போ."

கொழுந்தனாரும் பக்கத்து வீட்டுக்காரரும் அவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். நான் கட்டியிருந்த பட்டுப்புடவையோடு போனேன்.

ஆஸ்பத்திரியில் அந்த மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார்கள். திடீரென்று நிறுத்தினால் இறுக்கம் முன்பைவிட மோசமாகும், வலிப்புகூட வரலாம் என்றார் டாக்டர். தூக்கம் அதிகம் என்று சொல்லியிருந்தால் அளவை மாற்றியிருப்பாராம். கையின் இறுக்கத்துக்கு மட்டும் தனியாகப் போடுகிற ஊசியும் இருக்கிறதாம். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மத்தியானத்துக்குள் வியர்வை அடங்கி, பேச்சும் தெளிந்தது. கொழுந்தனார் தட்டு மாற்றுகிற போட்டோவை மகள் அனுப்பியிருந்தாள். காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தாங்க மாத்திரைய நிறுத்தினேன்."

"தெரியும்" என்றார். "அது கொஞ்சம் கசக்கும். நீ குடுத்தது சுண்ணாம்பு மாதிரி கீது."

"அப்ப ஏன் கேக்கல?"

"ரெண்டு நாளு தூக்கம் வரல. நல்லா இருந்துச்சு. அதான் கம்முனு இருந்துட்டேன்."

இடது கையால் போனைத் திருப்பித் தந்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு நர்ஸ் மாத்திரை கொண்டுவந்தார். அவர் விழுங்கினார். பத்து மணிக்குத் தூங்கிவிட்டார்.