இழுப்பறைக்குள் நாற்பத்தொரு சீட்டுகள்

ஜகதீசனின் யோசனை ஒன்றை ஏற்றுக்கொள்ள அந்த ஆஸ்பத்திரிக் கட்டில் தொழிற்சாலைக்கு ஏழு மாதம் பிடித்தது. அப்போது முதலாளிகள் ஜெர்மன்காரர்கள். வரைபடம், கமிட்டி எல்லாம் தாண்டி ஒரு சான்றிதழ் வந்தது. அவருடைய திருமுல்கேரி வீட்டில் அது இன்னும் தொங்குகிறது. வருகிறவர்கள் கவனிக்காவிட்டால் அவரே காட்டுவார்.

இப்போது கம்பெனி ஜப்பான்காரர்கள் கையில். தோன்றியதையெல்லாம் சீட்டில் தேதி போட்டு எழுதலாம். சூப்பர்வைசர் கையெழுத்திட்டுப் பெட்டியில் போட வேண்டும். தூத்துக்குடியிலிருந்து வந்த ஆக்னஸ் முதல் மாதமே முப்பது எழுதினாள். ஸ்பேனரைக் கயிற்றில் தொங்கவிடலாம், போல்ட் கிண்ணத்தைச் சாய்த்து வைக்கலாம் என்று. அவள் படம் கேண்டீன் சுவரில் ஏறியது. அவள் லைனின் சூப்பர்வைசர் ஜகதீசனுக்குச் சோறு இறங்கவில்லை. கயிறு கட்டுவதெல்லாம் ஒரு யோசனையா?

மறுமாதம் அவள் சீட்டுகள் அவருடைய மேசை இழுப்பறைக்குள் போயின.

“அண்ணாச்சி, என் சீட்டுக்கு ஒண்ணுக்கும் பதில் வரலியே?”

“வரும், வரும். அவசரம் நக்கோ, வேண்டாம். எழுதுறத விட்டுட்டு போல்ட்டை முறுக்கும்மா.”

“முறுக்கிக்கிட்டேதான் எழுதுதேன். கையெழுத்துப் போட்டு உங்க கை வலிச்சா சொல்லுங்க, தைலம் வாங்கித் தாரேன்.”

லைனே சிரித்தது. அவர் இழுப்பறையைப் பூட்டினார்.

ஒசாகா ஆலைக்கு மூன்று மாதப் பயிற்சிக்கு ஒரு சூப்பர்வைசரை அனுப்பப்போவதாகப் பேச்சு. ஓய்வு பெறுமுன் ஒரு தடவை விமானம் ஏறிவிட வேண்டும் என்பது ஜகதீசனின் ஆசை. சான்றிதழின் நகலோடு மேனேஜர் ஆனந்தகுமாரிடம் போனார்.

“இது அவங்களுக்கு வேண்டாம் சார். உங்க ஆளுங்களை எத்தனை யோசனை எழுத வெச்சீங்கன்னுதான் பார்ப்பாங்க. போன மாசம் சூப்பர்வைசர் கிரி லைன்ல நாப்பது. உங்க லைன்ல நாலு. நாளைக்குப் பேர் அனுப்பணும்.”

ஜகதீசன் திரும்பி வந்து பூட்டைத் திறந்தார். ஒன்றாவது உதவாததாக இருக்கட்டும் என்று ஒவ்வொன்றாகப் படித்தார். படுத்திருக்கும் நோயாளியின் விரல் நசுங்காதபடி பக்கக் கம்பியில் ரப்பர் மாட்டச் சொல்லியிருந்தாள். பதினாறு வருடமாக அந்தக் கம்பியைப் பார்த்தும் அவருக்குத் தோன்றாதது. வயிறு எரிய எரிய நாற்பத்தொன்றிலும் கையெழுத்துப் போட்டார்.

ஆனந்தகுமார் சீட்டுகளைப் புரட்டினார். “எல்லாம் போன மாசத் தேதி. இத்தனை நாள் எங்க இருந்துச்சு?”

“என் டிராயர்ல.”

“கைக்கு சார்?” என்று உருதுவில் கேட்டவர் தமிழிலும் கேட்டார். “ஏன்?”

“எல்லாமே நல்லா இருந்துச்சு.”

ஆனந்தகுமார் சீட்டுகளைப் பெட்டியில் போட்டார். ஒசாகா படிவத்தில் கிரியின் பெயரை எழுதினார்.